மன்றத்துக்குக் கொடுக்கக் கூடாத மிதவைகள்

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் தொழிலே 'கூடாது' என்று எழுதுவதுதான். உள்ளாட்சித் தணிக்கை. ஊராட்சிகள் செலவழித்து முடித்த பணத்தைப் பின்னாலிருந்து பார்த்து, எது கூடாத செலவு என்று எழுதுவோம். ஊராட்சி நிதியைச் சட்டம் சொல்லும் காரியங்களுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். தெருவிளக்கு, குடிநீர், சாலை, சாக்கடை, குப்பை, இந்த மாதிரி. கபடி மன்றத்துக்கு நன்கொடை கூடாது. கோயில் திருவிழா வாணவேடிக்கைக்குப் பங்கு கூடாது. நற்பணி மன்றத்துக்கு கேரம் போர்டும், மாதர் சங்கத்துக்கு ஷாமியானாவும் கூடவே கூடாது. யாராவது ஒரு தலைவர் நல்ல மனதோடு கொடுத்துவிட்டால், அந்தப் பணத்தை அவரிடமிருந்தே திரும்ப வசூலிக்கச் சொல்லி எழுதுவோம். நல்ல மனது என்பதற்குத் தணிக்கையில் தனித் தலைப்பு கிடையாது.

வருஷக்கணக்கில் இதையே எழுதினால் அந்த வார்த்தை கையிலிருந்து வாய்க்கு வந்துவிடும். வீட்டில் மகளிடம் நான் அதிகம் சொன்ன சொல்லும் அதுதான். மழையில் வண்டி ஓட்டக் கூடாது. தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது. கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை அவள் மீறவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் அவள் கணுக்கால் தண்ணீரில்தான் நின்றாள். கடல்தான் இடுப்பு வரை வந்தது.

நாங்கள் இருப்பது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊராட்சி. கணவருக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு பேருமே கடல் இல்லாத ஜில்லாக்களில் பிறந்தவர்கள். மனை வாங்கும்போது 'கடற்காற்று' என்ற ஒரு வார்த்தையில் மயங்கிவிட்டோம். எங்கள் மனைப்பிரிவைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் மீனவர் குப்பம், அப்புறம் மணல். அன்று மாலை நான் மணலில் உட்கார்ந்து சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மகள் நின்ற இடத்தில் நுரை மட்டும் இருந்தது. தூரத்தில் ஒரு கை. பிறகு அதுவும் இல்லை.

வாலிபால் ஆடிக்கொண்டிருந்த குப்பத்துப் பையன்கள் பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் கையில் நீல நிற பிளாஸ்டிக் கேன் இருந்தது. மூடி இறுக்கிய காலி கேன், அதன் கைப்பிடியில் நைலான் கயிறு. அவன் கேனோடு பாய்ந்தான், மற்றவர்கள் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மகளைக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள். அந்தக் கேனில் முன்பு பினாயில் இருந்திருக்க வேண்டும். அவள் மேல் மருத்துவமனை வராந்தா வாசனை அடித்தது. இருமினாள், வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "என் செருப்பு எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. இன்றைக்கும் குளியலறையில் குழாய்ச் சத்தம் கொஞ்சம் நீண்டால் கதவைத் தட்டி, "உள்ளே இருக்கியா?" என்று கேட்கிறேன். "இல்லம்மா, ஜன்னல் வழியா போயிட்டேன்" என்று பதில் வரும். பதில் எதுவாக இருந்தாலும் எனக்குக் குரல் போதும்.

பயப்பட வேண்டியவள் பயப்படவில்லை. கேனோடு பாய்ந்த அந்தப் பையன் குப்பத்து விளையாட்டு மன்றத்தின் செயலாளர். அவர்கள் மன்றத்தில் பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்ததும் மகள் போய்ச் சேர்ந்துகொண்டாள். முதல் மாதம் நான் கரையில் டவலோடு நின்றேன். அப்புறம் டவல் கொண்டுவரக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது.

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு நாள், காணும் பொங்கலன்று மன்றத்துப் பிள்ளைகளோடு தானும் கரையில் காவல் நிற்கப் போவதாகச் சொன்னாள். காணும் பொங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் கடல் பார்க்கும் நாள். மாமல்லபுரத்தில் போலீஸ் கயிறு கட்டி யாரையும் தண்ணீரில் இறங்க விடாது. அங்கே விடாத கூட்டமெல்லாம் வேனைத் திருப்பிக்கொண்டு எங்கள் கரைக்கு வரும். எங்களுக்கு ஊர்க்காவல் படையிலிருந்து இரண்டு பேரும் ஒரு மெகாபோனும் அனுப்புவார்கள். மற்றபடி மன்றத்துப் பையன்களும் பினாயில் கேனும்தான்.

"ஒரு கேனை வெச்சுக்கிட்டு எத்தனை பேரை இழுப்பீங்க?" என்றேன்.

"அதான் பஞ்சாயத்துல கேக்கப் போறோம்மா. ஆரஞ்சு கலர் மிதவை, கயிறோட. மன்றத்துக்கு நிதி குடுங்கன்னு மனு."

எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. மன்றத்துக்கு நிதி! எந்த ஊராட்சியாலும் செய்ய முடியாத காரியம். செய்தால் என் அலுவலகமே சும்மா விடாது.

"சரி" என்றேன், தாராளமாக. "பஞ்சாயத்து மிதவை வாங்கட்டும். வாங்கினா நீ போ."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை.

உள்ளாட்சி தினத்துக் கிராம சபைக்கு நானும் போனேன். தணிக்கையாளராக அல்ல; எங்கள் ஒன்றியம் என் பொறுப்பில் இல்லை. வீட்டு வரி கட்டுகிறவளாகப் போய், சமுதாயக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மன்றச் செயலாளர் எழுந்து மனுவைப் படித்தான். தலைவர் ஊராட்சிச் செயலாளரைப் பார்த்தார். ஊராட்சிச் செயலாளர், எல்லாரும் கிளார்க்கு என்று கூப்பிடுகிறவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"மேடமே இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்."

சொன்னேன். மன்றம் என்பது தனியார் அமைப்பு. எவ்வளவு நல்லது செய்தாலும் பொதுப் பணத்தை அதன் கையில் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்றேன்.

"அக்கா, எங்க ஊரு பஞ்சாயத்துல போன பொங்கலுக்கு நெட்டு, பந்து எல்லாம் வாங்கிக் குட்தாங்களே" என்றான் பையன். "போட்டுக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணி, ஒரே நாள்ல குட்தாங்க. இந்தப் பஞ்சாயத்துக்கு மட்டும் இன்னா வந்துச்சு?"

குப்பத்துக்கென்று தனியாக ஒரு பஞ்சாயத்து உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள், படகுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள், யாருக்குத் தோன்றுகிறதோ அவருக்குக் கொடுப்பார்கள். எந்தத் தணிக்கைக்கும் எட்டாத பணம். சர்க்கரைக்காரர் ஜிலேபிக் கடையைப் பார்ப்பதுபோல நான் அதைத் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

"அது அவங்க வீட்டுப் பணம், தம்பி. சேர்ந்து போட்டாங்க, சேர்ந்து குடுத்தாங்க. இது வராதவங்களுக்கும் சொந்தமான பணம்."

"மேடம் சொல்றது கரெக்டு" என்றார் தலைவர். "நா பாட்டுக்குக் குட்துட்டு, நாளைக்கு என் வண்டிய வித்துக் கட்டவா? போ நைனா, வேற எதுனா கேளு."

அப்போது பையனின் அம்மா எழுந்தாள். காலையில் எங்கள் தெருவுக்கு வஞ்சிரம் கொண்டுவருகிறவள். எழும்போதே முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏம்மா ஆடிட்டு, எனக்கு ஒரு டவுட்டு கீது. ஒம் பொண்ண எம் புள்ள இஸ்துகினு வந்தானே, அப்போ மூணு கொட்டேசன் வாங்கிகினா குதிச்சான்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. கிளார்க்கு மேசைக்குக் கீழே ஏதோ தேடினார்.

"ரசீது எதுனா கேட்டானா ஒன்ன? 'ஒரு பொண்ணு, ஈரமா, பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்து போட்டியா நீ?"

"உக்காரும்மா" என்றான் மகன்.

"நீ சும்மா கெட. நா எங்க ஆடிட்டு கிட்ட பேசிகினு கீறேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே தொண்டையில் அந்தப் பினாயில் வாசனையும் வந்தது. அத்தோடு உட்கார்ந்திருந்தால் என் மகள் காணும் பொங்கலுக்கு வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. 'கூடாது' என்று தடை எழுதினால் அங்கேயே நிறுத்த முடியாது. இதை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த வரி இல்லாமல் குறிப்பு மேசையைத் தாண்டாது. வருஷக்கணக்கில் பழகிய நாக்கு, எஜமானியைக் கேட்காமல், அந்த வரியையும் சொல்லிவிட்டது.

"மன்றத்துக்குப் பணம் தரக் கூடாது. ஆனா பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஊராட்சியே வாங்கலாம். ஊராட்சிப் பேர்ல, ஊராட்சி உடைமையா, சபைத் தீர்மானம் போட்டு..."

வாக்கியம் முடிந்த பிறகுதான் எனக்கே கேட்டது. முன்வரிசையிலிருந்து மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இதற்கு முன் ரிசல்ட் வந்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

மார்கழியில் மிதவைகள் வந்தன. மூன்று, நல்ல ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றிலும் கயிறு. தலைவர் ஒன்றைக் கழுத்தில் மாலைபோல மாட்டிக்கொண்டு வாட்ஸ்அப்புக்குப் படம் எடுத்துக்கொண்டார். பெயிண்டர் வந்து ஊராட்சியின் பெயரை எழுதினார்.

"அக்கா, எங்க மன்றம் பேரு?" என்றான் செயலாளர் பையன்.

"போடக் கூடாது."

"ஓரமா, சின்னதா?"

"கூடாது."

"உள்பக்கம்? யாருக்கும் தெரியாதுக்கா. மீனுக்குத்தான் தெரியும்."

"மீனுக்கும் தெரியக் கூடாது."

மிதவைகளை ஊராட்சி அலுவலகத்துப் பின்னறையில், பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினார்கள். கிளார்க்கு கதவைச் சாத்திப் பூட்டினார். போகிக்கு முந்தின நாள் திருக்கழுக்குன்றத்துக்கு, தன் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதாகவும், காணும் பொங்கல் கழித்துத்தான் வரப்போவதாகவும், சாவியும் தன்னோடு வரும் என்றும் சொல்லிவிட்டார். பையன்கள் போய்க் கெஞ்சினார்களாம். "பப்ளிக் பிராப்பர்ட்டிப்பா. மன்றத்து கையில குடுத்தா என் வேலைக்கு வேட்டு" என்றாராம்.

மகள் வந்து சொன்னபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் மிகவும் கஷ்டப்பட்டேன். சட்டம் என்னைக் கைவிடவில்லை.

"அடடா. அப்போ இந்த வருஷம் போக முடியாது."

"ஏன் முடியாது? போறேனே."

"மிதவை இல்லையே."

"நீ என்ன சொன்ன? 'பஞ்சாயத்து வாங்கட்டும். வாங்கினா நீ போ.' வாங்கிட்டாங்க."

"வாங்கி உள்ளே பூட்டினா?"

"கரையில வெக்கணும்னு நிபந்தனையில இல்லம்மா. எழுதாததைச் சேர்த்துப் படிக்கக் கூடாதுன்னு நீதானே அப்பாகிட்ட சொல்லுவ." வாசலில் போய் உட்கார்ந்து, யாரிடமிருந்தோ வாங்கிவந்த காலி கேனில் கயிறு கட்ட ஆரம்பித்தாள். இந்த முறை பினாயில் இல்லை, சமையல் எண்ணெய்.

ஆக, அவள் போகத்தான் போகிறாள். மிதவையோடு போகிறாளா, எண்ணெய்க் கேனோடு போகிறாளா என்பது மட்டும்தான் மிச்சம். ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் முறையிட்டேன். "அம்மாவும் பொண்ணும் ஒரே சட்டம் படிச்சிருக்கீங்க, நான் எங்க நடுவுல?" என்று தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க்கு ஊருக்குக் கிளம்பப் பையோடு தயாராக இருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வேண்டாம் என்றேன். டீ வேண்டாம் என்று சொல்லும் தணிக்கைக்காரரைக் கண்டால்தான் அவர்களுக்கு இன்னும் பயம்.

"மிதவையை வெளியே எடுக்கணும்" என்றேன்.

"மேடம், நீங்களா இதைச் சொல்றீங்க? வேற ஒன்றியத்துல நீங்க எழுதினீங்களே, ஊராட்சிக் கடப்பாரை இளைஞர் மன்றத்து ஆளுங்க வசம் இருந்துச்சுன்னு, அதை நாங்க எல்லாரும் வாட்ஸ்அப்புல படிச்சோம். 'ஊராட்சி உடைமை உரிய பாதுகாப்பில் வைக்கப்படவில்லை.' எனக்கு மனப்பாடம். அன்னிக்குத்தான் இந்தப் பூட்டையே வாங்கினேன்."

கடப்பாரையை எழுதியது நான்தான். அதில் பிழையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அந்த மன்றத்துக்காரர்கள் பக்கத்து நிலத்து வேலியைப் பிடுங்கியிருந்தார்கள்.

"மன்றத்து கையில குடுங்கன்னு நான் சொல்லலையே."

"பின்னே யார் கையில மேடம்?"

 ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிரே கைப்பம்பில் வெளியூர்க் கட்டட வேலைக்காரர் ஒருவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். நிதானமாக, விரல் விரலாக.

"அந்தப் பம்பு யாரோடது?"

"நம்மளதுதான்."

"உள்ளே வெச்சுப் பூட்டலையே?"

கிளார்க்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது பூமியில நட்டது மேடம். எல்லாரும் அடிக்கிறதுக்குன்னே நட்டது."

"இதையும் நட்டுடுங்க."

அவர் பையைக் கீழே வைத்தார். மெதுவாக அவருக்கும் பிடிபட்டது. கரையில் 'இங்கே குளிப்பது ஆபத்து' என்று ஊராட்சி வைத்த எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. இரண்டு இரும்புக் குழாய்களில் நிற்கிறது. அந்தக் குழாய்களில் கொக்கி வைத்து மிதவைகளை மாட்டிவிட்டால் அது யார் வசமும் இல்லை. பொதுப் பயன்பாட்டுக்கு நிறுவப்பட்டது. தெருவிளக்கைப் போல, பம்பைப் போல.

"காணாமப் போனா?"

"பம்புக் கைப்பிடியும்தான் காணாமப் போகுது."

"அதுக்கும் நீங்கதான் மேடம் எழுதுறீங்க."

"புகார் கொடுங்கன்னும் கீழே ஒரு வரி எழுதறோம்ல?"

கிளார்க்கு தலைவருக்குப் போன் போட்டார். படகு இன்ஜினுக்கு வெல்டிங் வைக்கிறவர் வந்து அன்று மாலைக்குள் கொக்கிகளை வைத்துக் கொடுத்தார். பலகையில் 'இதை யாரும் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதைப் படித்த மன்றச் செயலாளருக்குத்தான் மனதே ஆறவில்லை.

"யார் வேணா எடுக்கலாமா? வெளியூர்க்காரன் கூடவா? அப்போ எங்க மன்றத்துக்கு இன்னாக்கா கெட்ச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல தம்பி. அதான் சட்டம்."

"நல்லா கீது போ" என்றாள் பக்கத்தில் நின்ற அவன் அம்மா. ஆனால் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

காணும் பொங்கலன்று நான் பலகைக்குக் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஊராட்சி உடைமையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டேன். அதை யாரும் நம்பவில்லை. மதியத்துக்குள் மணல் தெரியாத கூட்டம். பையன்கள் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, இதற்கு மேல் இறங்கக் கூடாது என்று கோடு காட்டியிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகையில் ஈரத் துண்டுகள் காய்ந்தன. ஒரு குடும்பம் மிதவையைக் கழற்றி, நடுவில் குழந்தையை உட்கார வைத்து, புளியோதரை ஊட்டியது. மகள் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்து, மிதவையைத் துடைத்து மாட்டிவிட்டுப் போனாள். ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைச் சரிபார்ப்பதற்காக என்று எழுந்த நான் மறுபடி உட்காரவில்லை.

சாயங்கால வெயிலில் ஒருவர் கோட்டைத் தாண்டினார். என் வயதிருக்கும், பனியன், கையில் போன். விசில் கேட்டது. அவர் திரும்பிக் கையசைத்தார். அசைத்த கையோடு போய்க்கொண்டே இருந்தார். செயலாளர் பையன் மிதவையை உருவிக்கொண்டு பாய்ந்தான். கயிற்றின் மறுமுனை என் மகளிடம். இடுப்புத் தண்ணீரில் அவள் பின்னால் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அதில் ஒருவர், சற்று முன் குழந்தைக்குப் புளியோதரை ஊட்டியவர்.

நான் மற்ற எதையும் பார்க்கவில்லை. அவள் தோளைப் பார்த்தேன். அலை வரும்போது அது மறைவதையும், அலை போனதும் அதே இடத்தில் இருப்பதையும் பார்த்தேன். மறுபடி மறைந்தது. மறுபடி இருந்தது.

அந்த மனிதரைக் கொண்டுவந்து போட்டார்கள். இருமிவிட்டு, "என் போனு?" என்றார். கூட்டம் சிரித்தது. மீனவப் பெண்மணியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "ஒரு ஆளு, ஈரமா! எங்க நம்ம ஆடிட்டு, கையெழுத்து போடச் சொல்லு!"

மறுபடியும் விசில். நீளமாக, கோபமாக. இன்னும் யார் என்று பதறிப்போய்க் கடலைத் தேடினேன். யாரும் இல்லை. திரும்பினேன். மகள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் முழங்கால் தண்ணீரில், தோளில் கைப்பையோடு, சிவப்புத் துணியைத் தாண்டி நின்றுகொண்டிருந்தேன். எப்போது நடந்தேன் என்று தெரியவில்லை.

"அம்மா! கோட்டுக்கு இந்தப் பக்கம் வா! அங்க நிக்கக் கூடாது!"

"தோ வரேன்" என்றேன்.

காலை எடுத்தபோது ஒரு செருப்பு கழன்று, அலையோடு சிறிது தூரம் போய், திரும்பி வருவதுபோல ஆசை காட்டியது. எட்டிவிடும் தூரம்தான். குனிந்தேன்.

விசில் மறுபடி ஊதியது. செருப்பை விட்டுவிட்டுக் கரையேறினேன்.